தொலைவிலிருந்து வீடு காத்தலும் பணியாளர் நலமும்

கெடில நதி கடலொடு கலக்குமிடத்தை அடுத்து, கடலூர் நகரின் கீழ்பால் அமைந்துள்ளது தேவனாம்பட்டினம். சரித்திரம் பயிலும் மாணவர்கள் இவ்வூரைப் புனித டேவிட் கோட்டையின் பெயரால் அறிவார்கள். 1690-ஆம் ஆண்டில், எலிகு யேல் சென்னையில் கவர்னராயிருந்த காலத்தில், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் இக்கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எத்துணைத் தூரம் சென்று விழுந்ததோ அத்துணைத் தூரத்து நிலமும் அவர்களுக்கு உரியதாயிற்று. அவ்வெல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. கடலூரிலுள்ள குண்டு சாலை என்னும் பெயர் இன்றும் அதனை நினைவூட்டுகின்றது.

அச்சொத்துக்கு உடையவர்கள் இலண்டன் மாநகரில் இருந்தார்கள். அதனைப் பராமரித்தவர்கள் இங்கே இருந்தார்கள். கப்பல் ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்முனையைச் சுற்றி வரவேண்டியிருந்தமையால், ஒரு கடிதம் போய் மறுமொழி வருவதற்கு ஓராண்டு கழிந்துவிடும். ஆதலின், உடையவர்கள் பொதுவான கட்டளைகளை மாத்திரம் அனுப்பினர். மற்றவற்றையெல்லாம் களத்தில் நின்றவர்களே கண்டு முடிவு செய்யவேண்டியவர்களாயினர்.

இன்று அந்நிலை முற்றும் மாறிவிட்டது. கடலூர், சிதம்பரம் வட்டாரங்களிலிருந்து சென்னைக்கும், சிங்கப்பூருக்கும், வளைகுடா நாடுகளுக்கும், அமெரிக்காவுக்கும் பிழைக்கச் சென்றோர் பலர். அவர்கள் இங்கே விட்டுச் சென்ற வீடு, தோட்டம், வாடகைக் கட்டடம் ஆகியவற்றைக் கவனிக்க ஒரு காவற்காரரையோ, காரியஸ்தரையோ, இதையே தொழிலாகக் கொண்ட ஒரு பராமரிப்பு நிலையத்தையோ அமர்த்துகின்றனர். உடையவர் கைப்பேசியில் சொல்வது ஒரு நொடியில் வந்து சேர்கின்றது. வீட்டு வாயிலில் பொருத்திய காமிரா அங்கே நடப்பதைக் கடல் கடந்தும் காட்டுகின்றது. எனினும் நாம் ஒன்றை மறத்தலாகாது. செய்தி விரைந்து செல்கின்றது. உதவிக் கரம் அவ்வாறு விரைந்து செல்வதில்லை. பூட்டிய வீட்டில் தனித்து வேலை செய்யும் ஒருவர் வழுக்கி விழுந்தால், ஆயிரம் காதத்துக்கு அப்பாலிருந்து அதனைக் காணலாமேயொழிய அவரைத் தூக்கிவிட இயலாது. காமிராவுக்கு மூக்கில்லை, சுவரின் ஈரத்தைத் தொட்டறியும் கையும் இல்லை.

ஆகவே, தொலைவிலிருந்து சொத்தைப் பராமரிப்போர் தம் பணியாளர் உடலுக்குத் தீங்கு நேராதபடி செய்யவேண்டியவை அனைத்தையும் வேலை தொடங்குமுன்னரே செய்து முடித்திருத்தல் வேண்டும். இக்கட்டுரையில் நாம் ஆராயப்புகுவது இதுவே.

1. அபாயத்தை நீக்கும் முறை

தொழிற்சாலைகளில் பாதுகாப்பைக் கற்பிப்போர் அபாயத்தை எதிர்கொள்ளும் வழிகளை ஐந்து படிகளாக வகுத்துள்ளனர். அபாயமான வேலையையே ஒழித்தல் முதற்படி. அதனினும் தீங்கு குறைந்த வேறொன்றை அதற்கு மாற்றாகக் கொள்ளல் இரண்டாம் படி. தடுப்பும் பொறியும் அமைத்தல் மூன்றாம் படி. ஒழுங்கு விதிகளும் பயிற்சியும் நான்காம் படி. தலைக்கவசம், கையுறை, இடுப்புவார் முதலியன ஐந்தாவதும் கடைசியுமான படி. நம்மவருள் பெரும்பாலோர் கடைசிப் படியையே முதற்படியாக எண்ணிவிடுகின்றனர். ஒரு ஜோடிக் கையுறை வாங்கிக் கொடுத்தவுடன் கடமை தீர்ந்ததென நினைக்கின்றனர். மேல்மாடித் தொட்டியில் நீர் எவ்வளவு உள்ளதெனப் பார்க்க நாள்தோறும் ஒருவரை ஏணியில் ஏற்றுவதைவிட, கீழிருந்தே அளவு காட்டும் கருவியொன்றைப் பொருத்துதல் மேலானது. ஏறாதவர் விழுவதில்லை அன்றோ?

2. மூடிய குழிகள்

வீட்டுப் பராமரிப்பில் உயிருக்கு மிகவும் கொடிய இடம் செப்டிக் டேங்கு எனப்படும் மலத்தொட்டியாகும். இதில் மூன்று தீமைகள் மறைந்துள்ளன. முதலாவது, அழுகும் பொருள்களிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு. இது சிறிதளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு என்ற அளவை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கின் உணர்ச்சியை மழுங்கச் செய்துவிடும். அப்பொழுது, நாற்றம் போயிற்று, இனி அபாயமில்லை என்று நினைப்பவர் உண்மையில் பேரபாயத்தில் நிற்கின்றார். இரண்டாவது, எரியக்கூடிய மீத்தேன் வாயு. மூன்றாவது, பிராணவாயுவின் குறைவு. நாம் சுவாசிக்கும் காற்றில் பிராணவாயு நூற்றுக்கு ஏறக்குறைய 21 பங்கு உள்ளது. அது 19.5 பங்குக்குக் கீழே இறங்கிய இடத்தில் மனிதர் நுழைதல் தகாதென்பது பாதுகாப்பு நூலோர் கொள்கை.

பழைய கிணற்றில் இறங்குமுன் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்க்கும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. மலத்தொட்டிக்கு அதனைக் கையாளுதல் பெரும் பிழையாகும். சுடர் நச்சு வாயுவை அறிவிக்காது. மீத்தேன் இருப்பின் வெடிக்கவும் கூடும்.

ஒருவர் மயங்கி விழுந்தவுடன் அவரைக் காக்க மற்றொருவர் இறங்குவதும், அவரும் மடிவதும் நாம் செய்தித்தாள்களில் திரும்பத் திரும்பப் படிக்கும் துயரமாகும். அமெரிக்க நாட்டின் தொழில்நலப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் 1986-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையொன்று, இத்தகைய மூடிய இடங்களில் இறந்தோருள் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் காப்பாற்றச் சென்றவர்களே எனக் கூறுகின்றது. அன்பே அவர்களை இறக்கியது; அறிவு அவர்களுக்கு முன்னரே ஊட்டப்படவில்லை.

நம் நாட்டுச் சட்டம் இதில் தெளிவாகவே உள்ளது. மனிதக் கழிவகற்றும் பணியைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழாம் பிரிவு, மலத்தொட்டியையும் சாக்கடையையும் அபாயமான முறையில் சுத்தம் செய்யும்படி எவரும் எவரையும் ஏவலாகாது என விதிக்கின்றது. முதன்முறை மீறுவோர்க்கு இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இவ்வாறு இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வழங்கவேண்டுமென 2014-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் அத்தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொலைவிலிருந்து தொலைபேசியில், "ஆள் வைத்துத் தொட்டியைச் சுத்தம் செய்துவிடுங்கள்" என்று சொல்பவரும் தாம் சொல்வது யாதென அறிந்து சொல்லல் வேண்டும். உறிஞ்சு குழாய் பொருத்திய கழிவுநீர் லாரியை அழைப்பதே முறை. மனிதர் இறங்குதல் கூடாது.

குடிநீர் தேக்கும் நிலத்தடித் தொட்டியும் ஐயுறத்தக்கதே. நெடுநாள் மூடிக்கிடந்த தொட்டியில் இரும்பு துருப்பிடிப்பதும் இலை அழுகுவதும் பிராணவாயுவைக் குறைக்கும். உள்ளே எண்ணெய் எஞ்சினை வைத்து நீர் இறைத்தால் அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமுமின்றிக் கொல்லும்.

3. மின்சாரமும் தொலைவிலுள்ள கையும்

வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட்டு அழுத்தமுடையது. ஈரக் கையுடன் தீண்டுவோர் உயிரைப் போக்க இது போதும். 30 மில்லி ஆம்பியர் அளவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் மின்கசிவுத் தடுப்பானைப் பொருத்துதல் ஒவ்வொரு வீட்டுக்கும் இன்றியமையாதது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்த்தால்தான் அது உயிரோடிருக்கின்றதா எனத் தெரியும். பூட்டிக்கிடக்கும் வீடுகளில் இதனை ஒருவரும் செய்வதில்லை.

இக்காலத்துக்கே உரிய புதிய அபாயம் ஒன்றும் உண்டு. நீரேற்றும் மோட்டார், விளக்கு, வாயிற்கதவு ஆகியவற்றைக் கைப்பேசி வழியாக எங்கிருந்தும் இயக்கும் கருவிகள் வந்துவிட்டன. தேவனாம்பட்டினத்தில் ஒருவர் மோட்டாரைக் கழற்றிப் பழுது பார்த்துக்கொண்டிருக்கும்போது, அதை அறியாத உடையவர் சிங்கப்பூரிலிருந்தே அதனை ஓடவிடக்கூடும். காக்கும் கை வரத் தாமதிக்கும் அத்தூரத்தைத் தாக்கும் கை நொடியில் கடந்துவிடுகின்றது. இதற்குப் பரிகாரம் எளியது. வேலை தொடங்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து, அதற்கொரு பூட்டிட்டு, சாவியை வேலை செய்பவர் தம் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளல் வேண்டும். வேலை முடிந்தபின் அவரே திறத்தல் வேண்டும், பிறர் திறத்தலாகாது.

4. உப்புக் காற்றும் உயரமும்

கடற்கரை வீடுகளுக்கென ஒரு தனிக் குறை உண்டு. உப்புக் காற்று இரும்பை அரிக்கும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருவேறிப் பருக்கும்போது மேற்பூச்சு வெடித்துப் பெயரும். சன்னல் மேலுள்ள சன்ஷேட்டு மேலே வெள்ளையடித்து அழகாகக் காணப்படினும், உள்ளே வலுவிழந்திருக்கலாம். வண்ணம் பூசுவோர் அதன்மீது காலூன்றுகின்றனர். மாடிக் கைப்பிடிக் கம்பியில் இடுப்புக் கயிற்றைக் கட்டுகின்றனர். கம்பியே பெயர்ந்து வருமாயின் கயிற்றால் யாது பயன்? ஆதலின், கடலோரத்துக் கட்டடத்தில் ஆளை ஏற்றுமுன் ஏறுமிடத்தையும் பற்றுமிடத்தையும் தட்டிச் சோதித்தல் வேண்டும். ஏணியைச் சார்த்தும்போது நான்கடி உயரத்துக்கு ஓரடி வீதம் அடியை விலக்கி வைத்தலும், ஏறிச் சேருமிடத்துக்கு மேல் மூன்றடி நீண்டிருத்தலும், கீழே ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்றலும் எங்கும் ஏற்கப்பட்ட விதிகள்.

5. பூட்டிய வீட்டின் விருந்தினர்

ஆளில்லா வீட்டில் பாம்பு குடிபுகுதல் இயல்பு. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கும் நம் நாட்டில் மிகுதியான உயிர்ச்சேதம் விளைப்பன. இந்நான்கின் நஞ்சையும் முறிக்கும் மருந்து நம்மிடம் உண்டு. செங்கற்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில் இருளர் மக்கள் 1978-ஆம் ஆண்டில் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம், அம்மருந்து செய்தற்கு வேண்டிய நஞ்சைச் சேகரித்து அளித்து வருகின்றது. கடிபட்டவரை நடக்கவிடாது, கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, உடனே அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதலே செய்யத்தக்கது. கத்தியால் கீறுதலும், வாயால் உறிஞ்சுதலும், இறுகக் கட்டுதலும் தீங்கே பயக்கும்.

தேங்கிய நீர் மற்றொரு பகை. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் நிலையை ஏறக்குறைய ஒரு வாரத்தில் அடைகின்றது. ஆதலின் பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், மூடாத தொட்டி இவற்றை வாரத்துக்கொருமுறை கவிழ்த்து உலர்த்துதல் வேண்டும். இது காவற்காரருக்கும் அண்டை வீட்டாருக்கும் ஒருங்கே நன்மையாம்.

6. புயற்காலம்

தேவனாம்பட்டினத்தார்க்குக் கடலின் சினம் புதிதன்று. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இவ்வூரைப் பெரிதும் பாழ்படுத்தியது. கடலூர் மாவட்டத்தில் மாத்திரம் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறிப் பண்ணுருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் பெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையேறியபின் இம்மாவட்டத்தில் வெள்ளம் பெருகியது.

இத்தகைய நாளில், "வீட்டைப் பார்த்துக்கொள்" என்று தொலைவிலிருந்து சொல்லும் ஒரு சொல் கொலைக்கு நிகராகலாம். சொன்னவர் கருதியது வேறாயினும், கேட்டவர் தம் பிழைப்பை எண்ணி வீட்டைவிட்டு அகலாதிருப்பார். எனவே புயற்கால விதியை வெயிற்காலத்திலேயே எழுதிக் கொடுத்துவிடல் வேண்டும். எச்சரிக்கை அறிவிக்கப்பட்டவுடன் சன்னல்களை அடைத்து, மின்சாரத்தை நிறுத்தி, வீட்டைப் பூட்டிவிட்டுப் பணியாளர் பாதுகாப்பான இடம் செல்லல் வேண்டும். அதனால் சொத்துக்கு நேரும் நட்டம் அவர்மீது சாராது, அந்நாட்கூலியும் குறையாது. இவ்விரண்டு வாக்கியங்களையும் எழுத்தில் கொடாத எஜமானர் எந்தப் பாதுகாப்பும் கொடாதவரே.

புயலின் நடுவே காற்று திடீரென அடங்குவதும் உண்டு. அது புயலின் கண் கடக்கும் வேளை. சற்றைக்கெல்லாம் எதிர்த்திசையினின்று காற்று மீண்டும் மூண்டெழும். அவ்வமைதியை நம்பி ஓட்டைச் சரிசெய்யக் கூரைமேல் ஏறலாகாது. புயல் ஓய்ந்தபின் அறுந்த கம்பியை அணுகாமலும், நனைந்த மின்கருவிகளை இயக்காமலும், ஜெனரேட்டரை அறைக்குள் வைத்து ஓட்டாமலும் இருத்தல் வேண்டும்.

7. தனிமையும் செய்தி முறையும்

இத்தொழிலில் பெரும்பாலோர் தனியே செல்கின்றனர். தனியே செல்வதால் வரும் கேட்டைக் குறைக்க மூன்று செய்திகள் போதும்: வீட்டினுள் நுழையுமுன் ஒன்று, குறித்த நேரத்தில் ஒன்று, வெளியேறியபின் ஒன்று. குறித்த நேரச் செய்தி வாராவிடின் யார் நேரிற் செல்வது என்பதை முன்னரே தீர்மானித்திருத்தல் வேண்டும். அவர் அவ்வூரிலேயே இருப்பவராதல் வேண்டும். திரும்பத் திரும்பத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருத்தல் உதவியாகாது. உயரத்தில் ஏறுதல், மின்வேலை, தொட்டி வேலை ஆகியவற்றுக்கு ஒருவரைத் தனியே அனுப்புவதே கூடாது.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள் இருத்தல் நலம். மெயின் சுவிட்சு எங்குளது, மலத்தொட்டி மூடி எங்குளது, எந்தப் படி ஆடுகின்றது, அருகிலுள்ள மருத்துவமனை எது, சாவி யாரிடம் உள்ளது என்பனவற்றை அதில் எழுதி வாயிற்கதவின் உட்புறத்தில் ஒட்டிவைக்கலாம். 108 என்னும் ஆம்புலன்சு எண்ணை அழைப்பவர் வீட்டின் விலாசத்தைச் சொல்லத் தெரிந்திருத்தல் வேண்டும். உடையவருக்கு விலாசம் மனப்பாடமாயிருக்கும். அன்று புதிதாக வந்த பணியாளருக்கு அது தெரிந்திராது.

8. அலுவலகத்தார் நலம்

களத்தில் இருப்போரைப் பற்றியே பேசினோம். மேசைமுன் அமர்ந்து இவ்வேலைகளை நடத்துவோர்க்கும் உடல் உண்டு. சிங்கப்பூர் நம் நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. நியூயார்க்கு, பருவத்துக்கேற்ப ஒன்பதரையோ பத்தரையோ மணி பிந்தியது. உடையவர்கள் பல நாடுகளில் இருந்தால் அலுவலகத்தாருக்கு இரவு பகல் என்னும் வேறுபாடே இல்லாதொழியும். அவசரச் செய்திக்கு ஓர் எண்ணும், மற்றவற்றுக்குக் குறித்த நேரமும் வகுத்து, இரவுப் பொறுப்பை முறைவைத்து மாற்றிக்கொள்ளல் தக்கது. நெடுநேரம் குனிந்திருப்பதால் முதுகும் கழுத்தும் நோகும். இடையிடையே எழுந்து நடத்தலும், கண்ணை எடுத்துத் தூரத்துப் பொருளை நோக்குதலும் செலவில்லா மருந்துகள். உறக்கம் கெட்டவர் கொடுக்கும் கட்டளையிலும் பிழை நேரும். அப்பிழையின் பயனை அனுபவிப்பவர் ஏணியில் நிற்பவரே.

9. சட்டமும் பொறுப்பும்

வேலையின் காரணமாகவும் வேலை நேரத்திலும் ஒருவர் காயமுற்றால், எஜமானரிடம் குற்றம் உண்டோ இல்லையோ, நட்டஈடு கொடுக்கவேண்டும் என்னும் கொள்கையை நம் நாட்டில் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் நிலைநாட்டியது. அக்கொள்கை 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளது. அதே ஆண்டில் இயற்றிய தொழிற் பாதுகாப்பு, உடல்நலச் சட்டத்தொகுப்பு 2025-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்தது. பொதுவாகப் பத்துப் பேரும் அதற்கு மேலும் உள்ள நிலையங்களை நோக்கியே இது எழுந்தது. இரண்டு மூன்று பேரைக் கொண்டு நடக்கும் சிறு பராமரிப்பு நிலையங்கள், சட்டம் நம்மைத் தொடவில்லை என்று மகிழலாகாது. பாதுகாப்பும் நலமுமுள்ள பணிச்சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக உலகத் தொழிலாளர் ஸ்தாபனம் 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அறிவித்துள்ளது. கூட்டம் சிறிதாயின் உயிர் சிறிதாகிவிடாது.

சட்டத்தினும் முற்பட்டது ஓர் உரிமை. களத்தில் நிற்பவர், "இது அபாயம், நான் செய்யமாட்டேன்" என்று சொல்லி வேலையை நிறுத்த உரிமையுடையவராதல் வேண்டும். கும்பினிக் காலத்தில் தூரமே அவ்வுரிமையைக் கொடுத்திருந்தது. கேட்டறிய வழியின்மையால் களத்திலிருந்தவர் தாமே முடிவு செய்தார். இன்று கட்டளை நொடிதோறும் வருவதால் அவ்வுரிமை பறிபோகின்றது. தொலைவிலிருப்பவர் காணாததைக் காண்பவரும், முகராததை முகர்பவரும் களத்தில் நிற்பவரே ஆதலின், வேலையை நிறுத்தும் அதிகாரத்தை அவரிடமே விட்டுவைத்தல் அறிவுடைமையாகும்.

மாணவ நண்பர்களே! நம்முள் பலர் படிப்பு முடிந்தபின் தொலைதூரம் சென்று பொருளீட்டப் போகின்றோம். பழைய மாணவருள் பலர் ஏற்கெனவே சென்றுள்ளனர். ஊரிலுள்ள வீட்டை நோக்க ஒருவரை நாம் அமர்த்தும்போது, மாதச் சம்பளம் எவ்வளவு என்பதோடு பேச்சை முடித்துவிடாமல், எந்த வேலைகளை அவர் செய்யவே கூடாது, எவ்வேலைக்கு இருவர் வேண்டும், புயலன்று எங்குச் செல்லவேண்டும் என்பவற்றையும் எழுதிக் கொடுப்போமாக. இடிந்த சுவரை மீண்டும் கட்டலாம். புனித டேவிட் கோட்டையையே 1758-ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தளபதி லாலி கைப்பற்றி இடித்தார், ஊர் நிலைத்தது. நம் சுவரைக் காக்கச் சென்றவர் மாலையில் தம் வீடு திரும்புதல் வேண்டும். அதற்கு வேண்டியதை அவர் காலையில் புறப்படுமுன்னரே நாம் செய்துவைத்தல் வேண்டும்.